ஒருவருக்கு மட்டும் தப்பாக

கல்லூரியில் மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'அப்புறம் மேடம்'. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் யார் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுக்கொள்வாள். பிறகு கண்ணாடியை மூக்கின் மேல் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "அப்புறம்?" என்பாள். திருப்பித் தந்த புத்தகம் அலமாரிக் கணக்கில் சேர்ந்துவிடும் மேடம். அப்புறம்? எடுத்தவர் பெயருக்கு எதிரே இருந்த குறிப்பு அழிந்துவிடும் மேடம். அப்புறம்? மூன்றாவது அப்புறத்தில் முக்கால்வாசிப் பேருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மிரட்டுவதற்காக அவள் கேட்பதில்லை. உண்மையிலேயே அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்கு, அதுவும் பச்சைக் குழந்தைக்கு இருக்கிற மாதிரியான ஆசை.

கல்லூரிக்கு வருவதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தவள். அதாவது, நாலு பேர் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய புரோகிராமை இவள் வாங்கிக் குடைந்து, அது எங்கே குப்புற விழும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லும்போது முகம் அப்படி மலருமாம். எழுதினவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது இவள் போகவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவருக்கு இந்த ஊரில்தான் வேலை. விண்ணப்பம் போட்டாள், மூன்றாம் ஆண்டு லேப் கிடைத்தது. ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஆறு வருஷமும் ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. லேப் தேர்வு என்றால் நூலகப் புரோகிராம்தான். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அதற்கு வேறு யாரும் காத்திருக்காவிட்டால் கெடுவை நீட்டி ரினியூ செய்வது, கிடைக்காத புத்தகத்துக்குப் பெயர் பதிந்து வரிசையில் காத்திருப்பது, இவ்வளவும் அதில் நடக்க வேண்டும். சரிபார்க்கப் பன்னிரண்டு சோதனைகள் உண்டு. பன்னிரண்டும் தேறினால் முழு மார்க். லேப் மேனுவலில் துறைத் தலைவர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தன் கையால் எழுதிய மாதிரிப் புரோகிராம் இருந்தது, மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரி. பிள்ளைகள் அதை உருப்போட்டு வந்து அப்படியே தட்டிவிட்டுப் போவார்கள். ஆளாளுக்குத் தொண்ணூறு மார்க். புரிந்தவன் யார், புரியாதவன் யார் என்று பார்த்தால் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருந்தார்கள்.

போன வருஷம் வைவாவில் அவள் ஒரு வரியைத் தொட்டுக்காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். வேலை செய்யாது மேடம் என்றான் முதல் பையன். இரண்டாமவளும் அதையே சொன்னாள். மத்தியானத்துக்குள் பத்தொன்பது பேர் அதே பதிலைச் சொல்லிவிட்டார்கள். இருபதாவது ஆள் வாயைத் திறக்கும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்கு வேலை செய்யாது?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்ட பிறகுதான் அவளுக்கு உள்ளே ஏதோ பளிச்சென்று எரிந்தது. எல்லாருக்கும் வேலை செய்யாதபடி கெடுப்பதற்கு அறிவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினால் போதும். ஆனால், ஒருவருக்கு மட்டும் தப்பாக நடக்க வேண்டும், மற்ற எல்லாருக்கும் சரியாகவே நடக்க வேண்டும் என்று சொல்லிப் பார். புரோகிராமின் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தவன்தான் அப்படிக் கெடுக்க முடியும். உருப்போட்டவனால் ஓட்டத்தான் முடியும், சொன்ன இடத்தில் மட்டும் கெடுக்க முடியாது!

அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை லேபிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எங்க வேலையிலயும் அதேதான். லிஃப்டை நிறுத்துன்னா எவனும் மெயின் சுவிட்சை அணைச்சிடுவான். மூணாவது மாடியில மட்டும் நிக்காமப் போக வைன்னு சொன்னாத்தான் அவன் வண்டவாளம் தெரியும்" என்றார். பிறகு, பிள்ளைகளைக் கெடுக்கிற வாத்தியார் என்று ஊரே பேசப்போகிறது என்று சிரித்தார்.

துறைத் தலைவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் தன் மேனுவலின் அட்டை கசங்கினால் கூட மனம் கசங்குகிறவர். கல்லூரி இருப்பது கட்டக் கற்றுக்கொடுப்பதற்கு, இடிக்க அல்ல என்றார். அவள் மூன்று மாதம் விடாமல் நச்சரித்த பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஒரே ஒரு பேட்சுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை. வெளிக் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னல், தன் அறிக்கையில் இந்தத் தேர்வைக் குறைசொல்லி ஒரு வரி எழுதினாலும் சரி, பழைய வைவாதான், அதற்குப் பிறகு அவள் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அவள் யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள்.

யோசித்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த பேட்சில் இருந்த இருபத்துமூன்று பேரில் ஒருத்தி அவளுடைய சொந்த அண்ணன் மகள்.

வகுப்பில் முதல் மார்க் எப்போதும் அவளுக்குத்தான். கல்லூரி கேட்டுக்கு உள்ளே 'மேடம்', வெளியே கால் வைத்ததும் 'அத்தை' என்று கறாராகப் பிரித்து வைத்திருந்தாள். அந்த நானூற்றுப் பன்னிரண்டு வரியையும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கமா பிசகாமல் தட்டுவாள். அவளுடைய அம்மா, அதாவது அண்ணி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பூரித்துப்போவாள். அத்தைக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம். வீட்டுக்கு வந்த பெண்ணிடம் ஒரு நாளும் மூன்றாவது அப்புறத்தை அவள் கேட்டதில்லை. கேட்டால் என்ன வரும் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை. சொந்தக்காரர் மார்க் போடக் கூடாது என்பது விதி, அதனால் அண்ணன் மகளுக்கு எக்ஸ்டர்னல்தான் மார்க் போடுவார் என்று ஏற்பாடு.

வியாழக்கிழமை தேர்வு. முதலில் எல்லாரும் வழக்கம்போலப் புரோகிராமை எழுதி ஓட்டிக் காட்டினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தாள். மூன்றாவது புத்தகம் எடுக்கிறவருக்கு மட்டும் தப்பாக நடக்கட்டும் என்று ஒரு சீட்டில் இருந்தது. கடைசித் தேதியன்றே திருப்பித் தருகிறவருக்கு மட்டும் தாமதம் என்று காட்டட்டும் என்றது இன்னொன்று. துறையின் பன்னிரண்டு சோதனைகளில் இருந்துதான் சீட்டுகளை எழுதியிருந்தாள். சரிபார்க்கச் சுலபம் என்று நினைத்தாள்.

கெடுப்பதில் என்ன கஷ்டம் என்று லேபே கெக்கலித்தது. பத்து நிமிஷத்தில் சத்தம் அடங்கியது. அரைமணியில் முனகல் கேட்டது. அப்புறம் ஒவ்வொரு மூலையாகப் பொறி தட்ட ஆரம்பித்தது. வகுப்பில் எப்போதும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஒருவன் இருந்தான், பெயரே 'ஹெல்மெட்'. வைவாவில் வாய் திறக்காதவன். அவன் ஒரே ஒரு குறியைச் சேர்த்தான். 'கடைசித் தேதிக்குப் பிந்தினால்' என்று இருந்தது, 'பிந்தினால் அல்லது அதே நாளானால்' என்று ஆகிவிட்டது. அவன் சீட்டில் கேட்ட தப்பு அச்சு அசலாக வந்தது, வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்புறம் மேடத்துக்கு அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அந்தஸ்தை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

பதினாறு பேர் சொன்னபடி கெடுத்தார்கள். ஆறு பேர் கெடுக்கப் போய் மொத்தமாகப் போட்டு உடைத்தார்கள். அண்ணன் மகள் இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு விசையைக்கூடத் தொடவில்லை. எங்கே தொட்டால் எது ஆடும் என்று தெரியாதவள் எதைத் தொடுவாள்? மணி அடித்ததும் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, எனக்கு வரவில்லை மேடம் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அத்தை அந்தச் சீட்டை மற்றச் சீட்டுகளோடு சேர்த்து அடுக்கினாள்.

பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்ததில் அவள் ஒரு காரியத்தை மறந்துபோனாள். லேபில் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒவ்வொருவரும் கடைசியாகச் சேமித்தது எதுவோ அதைக் கணினியே அள்ளி எக்ஸ்டர்னலின் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடும். அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. பிள்ளைகளை நல்ல பிரதிகளைத் திரும்பப் போடச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள், வெள்ளிக்கிழமை காலையில். ஒன்பது வருஷம் ஊரார் மறதியையெல்லாம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள்!

வெள்ளிக்கிழமை எக்ஸ்டர்னல் வந்தபோது பிள்ளைகள் லேபின் பின்வரிசைகளில் காத்திருந்தார்கள். மெலிந்த மனுஷர், கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் சீவிய பென்சில் இரண்டு. வணக்கம் சொன்ன கையோடு, அவள் சீட்டு விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே, பெட்டியைத் திறந்து, பன்னிரண்டு சோதனைகளையும் தன் கையாலேயே ஓட்ட ஆரம்பித்தார். முதல் புரோகிராமில் தப்பு. பென்சில் ஒரு பெருக்கல் குறி போட்டது. இரண்டாவதிலும் தப்பு, மூன்றாவதிலும் தப்பு. துறைத் தலைவர் நாற்காலியில் நெளிந்தார். பிறகு அப்புறம் மேடத்தைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன் இல்லையா என்று தெளிவாக எழுதி ஒட்டியிருந்தது. அவள் சுவரோரமாக நின்றாள். இனி விளக்கம் சொன்னாலும் சாக்குப்போக்கு மாதிரிதான் கேட்கும், கதை கந்தலாகிவிட்டது என்று நினைத்தாள்.

பதினைந்தாவது புரோகிராமை முடித்ததும் எக்ஸ்டர்னல் பென்சிலைக் கீழே வைத்தார். தாளை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இதுல நாலஞ்சு மொத்தமாப் போச்சு. ஆனா மத்ததுல எல்லாம் பன்னெண்டுல சரியா ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அதுவும் ஆளுக்கு ஒரு தப்பு. தெரியாதவன் இவ்வளவு சுத்தமாத் தப்புப் பண்ண மாட்டானே" என்றார். "இங்க என்ன நடக்குது?"

அந்த ஒரு கேள்விக்காகவே ஆறு வருஷம் காத்திருந்த மாதிரி அவளுக்கு இருந்தது. சீட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள். சொல்லச் சொல்ல அவள் கைகள் தாமாக ஆடின. அவர் ஒவ்வொரு சீட்டையும் ஒவ்வொரு பெருக்கல் குறியோடு பொருத்திப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் மூன்று அப்புறங்களையும் தாண்டிப் பதில் சொன்னான். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

துறைத் தலைவர் விட்டுக்கொடுக்கவில்லை. மீதியையும் பாருங்கள் சார் என்றார். பார்த்தார்கள். இருபத்துமூன்றில் பன்னிரண்டும் தேறியது ஒன்றே ஒன்று, அண்ணன் மகளுடையது. இந்த ஒரு பெண்ணாவது பாடத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டிருக்கிறாளே என்றார் துறைத் தலைவர், குரலில் ஒரு நிம்மதி. இவளுக்கு முழு மார்க் போட்டுவிட்டு, மற்றவர்களுக்கு மறுதேர்வு வைத்து, இந்த விளையாட்டை முடித்துக்கொள்ளலாம் என்றார். விதிப்படி அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எக்ஸ்டர்னல் பென்சிலை எடுத்தார்.

அந்த அறையிலேயே எதைத் தொடுவது என்றே தெரியாதவள் இந்த ஒருத்திதான் என்று அப்புறம் மேடத்துக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். சொன்னால் தேர்வு பிழைக்கும், பெண் தலைகுனிவாள். சொல்லாவிட்டால் பெண்ணுக்கு முழு மார்க், தேர்வு இன்றோடு செத்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். அண்ணியின் முகம் வந்து நின்றது. அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"சார்" என்று கடைசி வரிசையில் இருந்து அண்ணன் மகள் எழுந்தாள். "என்னோடது மட்டும் வேலை செய்யுதுன்னா, எனக்குக் கெடுக்கத் தெரியலைன்னு அர்த்தம். அவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்கு அந்த வரி எல்லாமே மனப்பாடம் சார். ஆனா எது எதுக்குன்னு தெரியாது."

எக்ஸ்டர்னல் அவளையே பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் தாளைக் கிழித்து எழுதினார். பன்னிரண்டில் இல்லாத புதுக் கேள்வி. வரிசையில் காத்திருந்து புத்தகம் வாங்கியவருக்கு மட்டும், அவருக்குப் பின்னால் யாரும் இல்லாவிட்டாலும், ரினியூ மறுக்கப்பட வேண்டும். மற்ற எல்லாருக்கும் சரியாக நடக்க வேண்டும். இப்போது மணி இரண்டரை, தன் வண்டி ஐந்து மணிக்கு, அதுவரை முயன்று பார் என்றார். பெண்ணை வைத்துத்தான் இந்தத் தேர்வைப் பற்றி எழுதப்போவதாகவும் சொன்னார். உருப்போட்டவளுக்கும் புரிய வைக்காத தேர்வு, ஆளைப் பிடித்துக் கொடுக்கிற தேர்வாக மட்டும்தானே இருக்கும் என்றார்.

உறவுக்காரி என்பதால் அப்புறம் மேடம் வெளியே போக வேண்டியதாயிற்று. வராந்தாவில் நடந்தாள். மூன்றரைக்கு அண்ணி போன் செய்து, பிள்ளை நன்றாகச் செய்கிறாளா என்று கேட்டாள். செய்துகொண்டிருக்கிறாள் அண்ணி என்று மட்டும் சொல்லி வைத்தாள். நாலு மணிக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பெண் கணினிப் பக்கமே திரும்பவில்லை. தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. பேனா, ரப்பர், தலையில் இருந்த கிளிப் எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக நிறுத்தி எதையோ நகர்த்திக்கொண்டிருந்தாள். போச்சு, பிள்ளைக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அத்தை நினைத்தாள்.

நாலே முக்காலுக்கு உள்ளே இருந்து சத்தம் கேட்டது.

"அத்தை! இங்க வாங்களேன்!"

கேட்டுக்கு உள்ளே அத்தை! அவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். எக்ஸ்டர்னலும் துறைத் தலைவரும் ஏற்கெனவே மேஜையைச் சுற்றி நின்றார்கள். பெண்ணின் முகம் சிவந்திருந்தது, வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்தன.

கெடுக்கலாம் என்று உட்கார்ந்தாளாம். தொடுவதற்கு முன்னால் இப்போது என்ன நடக்கிறது என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாளாம். ரினியூ கிடைக்கவில்லை. கெடுக்கவே இல்லை, அதற்குள் கெட்டிருக்கிறது! நம்ப முடியாமல் பேனாவையும் ரப்பரையும் கிளிப்பையும் ஆட்களாக வைத்து, ஒவ்வொரு வரியாகக் கையால் நடத்திப் பார்த்தாளாம்.

"கிளிப்தான் காத்திருக்கிறவர். பேனா புத்தகத்தைத் திருப்பினதும் கிளிப்புக்குக் கிடைச்சிடுது. ஆனா வரிசையில இருந்து அவர் பேரை யாருமே எடுக்கல சார். அந்த வரியே இல்ல. அலமாரியில இருந்து நேரா எடுக்கிறவங்களுக்கு அது தேவையே இல்ல, பன்னெண்டு சோதனையிலயும் ரினியூ கேக்கிறது அவங்கதான். இப்போ கிளிப் வந்து ரினியூ கேக்கிறாரு. யாரோ காத்திருக்காங்க, முடியாதுங்குது. யாருன்னு பார்த்தா அவரேதான்!"

அந்த விடுபட்ட வரியைத் தானே எழுதிச் சேர்த்தாளாம். ரினியூ கிடைத்தது. சரிசெய்த பிறகுதானே கெடுக்க முடியும்? அதே வரியை நீக்கி, சொன்னபடி கெடுத்துவிட்டாளாம். கெடுத்து முடித்து மேனுவலோடு ஒப்பிட்டால், இரண்டும் வரிக்கு வரி ஒன்றாக இருக்கின்றன.

எக்ஸ்டர்னல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, இந்த மாதிரிப் புரோகிராமை எழுதியது யார் என்று கேட்டார். அறை முழுக்கத் துறைத் தலைவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது.

"நான்தான்" என்றார் அவர். எத்தனை பேட்ச், எத்தனை தொண்ணூறு மார்க் என்று மனசுக்குள் எண்ணுகிற மாதிரி ஒரு கணம் நின்றார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜைக்கு அருகில் குனிந்து உட்கார்ந்தார். கிளிப்பைக் கூர்ந்து பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.

அப்புறம் மேடத்துக்கு மெய் சிலிர்த்தது.

"அப்புறம் கிளிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாரு சார்" என்றாள் பெண், ரப்பரைக் கிளிப்புக்குப் பின்னால் நகர்த்தி. "பின்னால ரப்பர் காத்திருக்காரு. ஆனா வரிசையில முதல் ஆளுக்குத்தானே கொடுக்கணும்?"

"முதல் ஆள் யாரு?"

"கிளிப்."

துறைத் தலைவர்தான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இந்த ரப்பர் பாவம் எத்தனை வருஷமாக நிற்கிறார் என்று கேட்டார். பன்னிரண்டு வருஷம் என்றது பின்வரிசையில் இருந்து ஒரு குரல். ஹெல்மெட் என்று பிறகு தெரிந்தது.

எக்ஸ்டர்னல் நின்றவாக்கிலேயே அறிக்கையை எழுதினார். இந்தத் தேர்வை அடுத்த ஆண்டும் நடத்தலாம் என்று எழுதி நிறுத்தினார். பென்சிலின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்துகொண்டு, முதல் சீட்டை மேனுவலுக்குக் கொடுக்கவும் என்று சேர்த்தார். துறைத் தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பெண்ணுக்கு வியாழக்கிழமைச் சீட்டுக்கான மார்க் கிடைக்கவில்லை. மற்ற மார்க்கையெல்லாம் சேர்த்துக் கூட்டியும், எப்போதும் முதலாவதாக வருகிறவள் வகுப்பில் ஒன்பதாவது ஆளாக வந்தாள்.

கேட்டைத் தாண்டும்போது அண்ணியின் போன் மறுபடியும் வந்தது. ஒன்பதாவது என்பதை எப்படிச் சொல்வது என்று அப்புறம் மேடம் தயங்கினாள். பெண் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, வரிசையில ஒருத்தர் காத்திருக்காருன்னு வெச்சுக்கோயேன்" என்று ஆரம்பித்தாள்.

பஸ் நிறுத்தம் வந்தது, ஒரு பஸ் போனது, இன்னொன்றும் போனது. அவள் நிறுத்தவில்லை. போனுக்குள் இருந்து அண்ணியின் குரல் சின்னதாகக் கேட்டது, அப்புறம் என்று.